காத்திருப்போர் பட்டியலில் ஒரு பெயர்

அஸர் தொழுகை முடிந்து, பள்ளிவாசலின் தாழ்வாரத்தில் நாங்கள் சிலர் அமர்ந்திருந்தோம். தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் மஹல்லாவில் தையற்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் அருகில் வந்து, தம் கைப்பேசியை நீட்டினார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டதா, இல்லையா?"

வாங்கிப் படித்தேன். அவருடைய மகளின் பெயர் இருந்தது. பெயரின் கீழே பி.காம். என்றும், அதன் கீழே காத்திருப்போர் பட்டியல், வரிசை எண் 14 என்றும் இருந்தன.

"கிடைத்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை; கிடைக்கவில்லை என்றும் சொல்வதற்கில்லை. காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்றேன்.

அவர் முகம் வாடிற்று. அந்த வாட்டத்திற்குக் காரணம் இருந்தது. அக்குடும்பத்தில் 12-ஆம் வகுப்பைத் தாண்டிய முதற்பெண் அவள். தாயார் பீடி சுற்றிச் சேர்த்த காசில் படித்தவள். தேர்வு முடிவு வந்த மறுவாரமே உறவினர் ஒருவர் நல்ல சம்பந்தம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். விரும்பிய கல்லூரியில் இடம் கிடைத்தால் படிக்கட்டும். கிடைக்காவிட்டால் திருமணத்தை முடித்துவிடலாம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். 'கிடைக்கும்', 'கிடைக்காது' என்னும் இரண்டுக்கும் ஆயத்தமாக இருந்த வீட்டில், மூன்றாவதாக வந்த இந்த விடைக்கு யாரும் ஆயத்தமாக இல்லை. நிச்சயமில்லாத ஒன்றுக்காக நிச்சயமான ஒன்றை எத்தனை நாள் நிறுத்தி வைப்பது என்று உறவினர் கேட்கத் தொடங்கிவிட்டனர்.

இந்நிலை அந்த ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று. ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளியானபின் எத்தனையோ வீடுகளில் இதே கலக்கம் தோன்றுகிறது. ஆகவே, காத்திருப்போர் பட்டியல் என்பது யாது, அதில் பெயர் இடம்பெற்ற ஒரு முஸ்லிம் எவ்வாறு காத்திருத்தல் வேண்டும் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

பட்டியல் ஏன் உண்டாகிறது?

ஒரு வகுப்பில் 60 இடங்கள் இருப்பதாகக் கொள்வோம். விண்ணப்பிக்கும் மாணவர் ஒரு கல்லூரியோடு நிற்பதில்லை. நான்கு, ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார். மதிப்பெண் மிகுதியாகப் பெற்றவரின் பெயர் ஐந்து பட்டியல்களிலும் வருகிறது. ஆனால், அவர் அமரப்போவது ஓரிடத்தில்தான். மற்ற நான்கு இடங்களும் என்றேனும் ஒருநாள் காலியாக வேண்டியவை. அவ்வாறு காலியாகும் இடங்களுக்கு அடுத்து யாரை அழைப்பது என்பதை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைப்பதே காத்திருப்போர் பட்டியல்.

அமெரிக்காவிலும் இம்முறை உண்டு. அங்குப் பல கல்லூரிகள், 'சேர்த்துக் கொண்டோம்', 'சேர்க்க இயலவில்லை', 'காத்திருப்போர் பட்டியலில் வைத்துள்ளோம்' என்று மூவகைப் பதில் அனுப்புகின்றன. இடம் பெற்றவர்கள் பொதுவாக மே 1-ஆம் நாளுக்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்பது தெரிந்த பின்னரே காத்திருப்போரை அழைப்பதா இல்லையா என்பது முடிவாகிறது.

நம் தமிழகத்தில் இது ஒரு சங்கிலியைப் போல நடைபெறுகிறது. கலை அறிவியல் கல்லூரிகளின் பட்டியல்கள் முதலில் வெளிவருகின்றன. பொறியியல் கலந்தாய்வு அதன்பின் பல சுற்றுகளாக நடைபெறுகிறது. மருத்துவக் கலந்தாய்வும் சுற்றுச் சுற்றாக நடைபெறுகிறது. ஒருவருக்கு மருத்துவ இடம் கிடைத்தால் அவர் வைத்திருந்த பொறியியல் இடம் காலியாகிறது; அவ்விடத்திற்குச் செல்பவர் கலைக் கல்லூரியில் வைத்திருந்த இடம் காலியாகிறது. எங்கோ ஒரு மாணவருக்குக் கிடைத்த நன்மை, முன்பின் அறியாத மற்றொரு மாணவரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

இன்னும் ஒன்றையும் கவனித்தல் வேண்டும். வரிசை எண் என்பது ஒருவருடைய அறிவின் அளவுகோலன்று. தமிழகப் பொறியியல் சேர்க்கையில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குத் தகுதி மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. இருவர் ஒரே மதிப்பெண் பெற்றிருந்தால் பாட மதிப்பெண்களையும், பிறகு பிறந்த தேதியையும் பார்க்கிறார்கள். அனைத்தும் ஒத்திருந்தால், கணினி வழங்கிய சமவாய்ப்பு எண்ணே யார் முன், யார் பின் என்பதைத் தீர்க்கிறது. இத்தகைய வரிசையில் பின்னே நிற்க நேர்ந்ததற்காக, ஒரு பிள்ளையைத் 'தோற்றுப் போனவள்' என்று பேசுவது எவ்வளவு பெரிய அநீதி!

ஹுதைபிய்யாவில் காத்திருந்தவர்கள்

'இப்போது இல்லை, ஆனால் இல்லவே இல்லை என்பதுமில்லை' என்னும் பதிலைப் பெற்றவர்கள் இஸ்லாமிய வரலாற்றில் இருக்கிறார்கள். அவர்கள் சாதாரண மனிதர்களல்லர். அண்ணல் நபி (ஸல்) அவர்களுடன் சென்ற அருமைத் தோழர்கள்.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு துல்கஅதா மாதம். மக்காவிற்குள் நுழைந்து உம்ரா நிறைவேற்றுவதாகக் கனவு கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், சுமார் 1400 தோழர்களுடன் இஹ்ராம் அணிந்து, பலிப்பிராணிகளுடன் மதீனாவிலிருந்து புறப்பட்டார்கள். ஆறு ஆண்டுகளாகப் பிறந்த மண்ணைக் காணாதவர்கள் அக்கூட்டத்தில் பலர். கஅபாவைக் காணும் ஆவலில் அத்தனை தொலைவையும் கடந்து வந்தவர்கள், மக்காவின் அருகே ஹுதைபிய்யாவில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். 10 ஆண்டுகளுக்குப் போர் நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் விதிகளுள் ஒன்று, இவ்வாண்டு திரும்பிச் செல்ல வேண்டும். அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள்கள் தங்கலாம் என்பதாகும்.

தோழர்களின் உள்ளம் உடைந்தது. உமர் (ரலி) அவர்கள், நாம் கஅபாவுக்குச் செல்வோம் என்று தாங்கள் கூறவில்லையா என்று பெருமானாரிடமே கேட்டுவிட்டார்கள். கூறியது உண்மை, ஆனால் அது இந்த ஆண்டே நடக்கும் என்று கூறினேனா என்பதே அண்ணலாரின் மறுமொழியின் கருத்தாக இருந்தது. வாக்களித்தவன் அல்லாஹ், நாளைக் குறித்துக் கொண்டவர்களோ மனிதர்கள்! நம் துஆக்களில் பெரும்பாலானவற்றுக்கும் இது பொருந்துமன்றோ?

அடுத்து நடந்ததுதான் நமக்குப் பெரிய பாடம். பலிப்பிராணிகளை அங்கேயே அறுத்து, தலைமுடி களைந்து, இஹ்ராமிலிருந்து விடுபடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துயரத்தால் ஒருவரும் எழவில்லை. மும்முறை பணித்தும் எழவில்லை. பெருமானார் அவர்கள் கூடாரத்திற்குள் சென்று, துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் இதைக் கூறினார்கள். யாரிடமும் ஒரு சொல்லும் பேசாமல் வெளியே சென்று, தாங்களே முதலில் தங்கள் பிராணியை அறுத்து, முடியைக் களையுங்கள் என்று அவ்வம்மையார் யோசனை கூறினார்கள். அவ்வாறே செய்யப்பட்டது. அதைக் கண்டவுடன் அத்தனை பேரும் எழுந்து தத்தம் கடமையைச் செய்யலானார்கள்.

மூடிய வாசலையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பதன்று பொறுமை. அந்நேரத்தில் கையிலுள்ள கடமையை எழுந்து செய்வதே பொறுமை. அப்பெருங்கூட்டத்தில் இதனைக் கண்டுணர்ந்து கூறியவர் ஒரு பெண்மணி என்பதையும், பெண்மக்களின் கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் மறத்தலாகாது.

ஹிஜ்ரி 7-இல் அவர்கள் உம்ராவை நிறைவேற்றினார்கள். ஹிஜ்ரி 8-இல் மக்காவின் வாசல்களே திறந்தன. திரும்பிச் சென்ற அந்தப் பயணத்தைத்தான் திருக்குர்ஆன் தெளிவான வெற்றி என்று சிறப்பித்தது.

கையிலுள்ள கடமை

தையற்கடை அன்பரை எங்கள் இமாம் ஹஜ்ரத் அவர்கள் அருகில் அமர்த்திக்கொண்டு பேசலானார்கள்.

"துஆச் செய்தீர்களா?"

"அல்லும் பகலும் செய்கிறோம், ஹஜ்ரத்."

"நல்லது. ஒட்டகத்தைக் கட்டினீர்களா?"

அன்பருக்குப் புரியவில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்ட ஒருவருக்கு, முதலில் கட்டு, பிறகு நம்பிக்கை வை என்று அண்ணலார் அறிவுறுத்தியதை ஹஜ்ரத் விளக்கினார்கள். தவக்குல் என்பது முயற்சிக்கு மாற்றன்று. முயற்சியின் முடிவில் வைக்கப்படுவது.

அப்படியானால் இங்கே கட்ட வேண்டிய ஒட்டகங்கள் யாவை? காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களை அழைக்கும்போது பெரும்பாலும் குறுகிய கால அவகாசமே தருவார்கள். கொடுத்த தொலைபேசி எண் இயங்க வேண்டும். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் முதலியன ஒரே உறையில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007-ஆம் ஆண்டு முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது. அதற்குரிய சான்றிதழ் இல்லாமல் அவ்வுரிமையைக் கோர இயலாது. முதற்கட்டணத்திற்கான பணத்தை முன்னரே திரட்டி வைத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, காத்திருக்கும் இடம் வாராமலே போகலாம் என்பதை உணர்ந்து, கிடைத்துள்ள வேறோர் இடத்தை ஏற்று வைத்தல் வேண்டும். பொறியியல் கலந்தாய்வில், ஒதுக்கப்பட்ட இடத்தை ஏற்றுக்கொண்டே அதைவிட மேலான விருப்பத்திற்குக் காத்திருக்க விதியே வழி செய்துள்ளது. கையில் ஓர் இடமும் இன்றி வெறுமனே காத்திருப்பது தவக்குல் ஆகாது.

செய்யத்தகாததும் ஒன்றுண்டு. வரிசை எண்ணை முன்னுக்குக் கொண்டுவந்து தருவதாகக் கூறி, ஒரு தரகர் நம் அன்பரிடம் பணம் கேட்டிருக்கிறார். ஹஜ்ரத் அவர்கள் இதைக் கேட்டதும் முகம் சிவந்தார்கள். கட்டாய நன்கொடை பெறுவதைத் தடைசெய்து தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இலஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். 13 பிள்ளைகளின் உரிமையை மிதித்து ஏறிப்பெற்ற இடத்தில் கற்கும் கல்வியில் பரக்கத் எங்கிருந்து வரும்?

ஒருவர், இரண்டு இருக்கைகள்

"வேறு கல்லூரி எதிலாவது இடம் வாங்கி வைத்திருக்கிறீர்களா?" என்று ஹஜ்ரத் கேட்டார்கள்.

"இருக்கிறது ஹஜ்ரத். ஒன்றில் பொருளியல், இன்னொன்றில் கணிதம். கைமாற்று வாங்கி இரண்டிலும் பணம் கட்டியிருக்கிறேன். பி.காம். வரவில்லையென்றால் இரண்டில் ஒன்றுக்குப் போகலாமே என்று…"

"வரவில்லையென்றால் எதற்குப் போவாள்?"

"பொருளியலுக்குத்தான்."

"அப்படியென்றால் கணிதத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?"

அன்பர் விடை சொல்லவில்லை.

"அந்தக் கல்லூரியிலும் ஒரு காத்திருப்போர் பட்டியல் இருக்கும். அதன் தலைப்பில் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கும். அந்தப் பிள்ளையின் வாப்பாவும் இந்நேரம் ஏதோ ஒரு வாசலில் உங்களைப்போல் உட்கார்ந்திருப்பார். உங்கள் மகள் 14 பேருள் ஒருத்தியாகக் காத்திருக்கிறாள் என்று கவலைப்படுகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் காத்திருப்பவரை எண்ணிப் பார்த்தீர்களா?"

தாழ்வாரத்தில் இருந்த நாங்கள் அனைவரும் வாயடைத்துப் போனோம். பட்டியலைப் பற்றி நாங்கள் அதுவரை பேசியதெல்லாம், நமக்கு முன்னே நிற்பவர்களைப் பற்றியே. நாமே பிறருக்கு முன்னே நின்று வழியை மறித்துக் கொண்டிருக்கக் கூடும் என்னும் எண்ணம் எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

இறைவனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் தவறினால் அவனிடம் மன்னிப்புக் கோரலாம். அடியார்களின் உரிமையில் தவறினால், உரியவரிடமே தீர்த்துக் கொள்ள வேண்டும். தேவைக்காக ஒரு மாற்று இடத்தை வைத்திருப்பது முன்னெச்சரிக்கை. போகப்போவதில்லை என்று தெரிந்தபின்னும் இன்னோர் இடத்தைப் பிடித்து வைத்திருப்பது, முகமறியாத ஒரு பிள்ளையின் உரிமையைத் தடுத்து வைப்பதாகும். வசதி படைத்தோர் மூன்று, நான்கு கல்லூரிகளில் கட்டணம் செலுத்திவிட்டு, வகுப்புகள் தொடங்கும் வரை வாளாவிருக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. பணத்தை இழக்கத் துணிந்தவர்களுக்கு அது ஒரு சிறு நட்டம். காத்திருக்கும் ஏழைப்பிள்ளைக்கோ அது ஓர் ஆண்டு. சில பெண்பிள்ளைகளுக்கு அது கல்வியின் முடிவாகவே அமைந்துவிடுகிறது.

கட்டிய பணம் போய்விடுமே, சான்றிதழ்களைத் தர மறுப்பார்களே என்னும் அச்சம் பலரைத் தடுக்கிறது. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு இது பற்றி அறிவிக்கை வெளியிட்டுள்ளது. அதன்படி மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடம் நிறுத்தி வைத்தல் கூடாது. சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாள்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகுவோருக்கு, சிறு நடைமுறைச் செலவு போக, கட்டணம் முழுவதும் திரும்பத் தரப்படல் வேண்டும். நாள் செல்லச் செல்ல அத்தொகை குறையும். அந்தந்த ஆண்டில் வெளியாகும் அறிவிப்பையும் பார்த்துக் கொள்வது நலம். ஆக, விட்டுக்கொடுக்க வேண்டியதை விரைந்து விட்டுக்கொடுப்பது, மறுமைக்கு மட்டுமன்றி இம்மைக்கும் இலாபமே.

எதைக் கேட்பது?

மறுநாள் அன்பர் மீண்டும் வந்தார். "ஹஜ்ரத், கணிதத்தை விட்டுவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது ஒரு சந்தேகம். பிள்ளைக்கு இடம் கிடைக்க வேண்டுமென்று துஆக் கேட்டால், முன்னால் இருக்கும் யாருக்கோ போக வேண்டுமென்று கேட்பது போல் ஆகாதா?"

ஆழமான கேள்வி. பிறரிடமுள்ள அருட்கொடை நீங்க வேண்டும் என்று விரும்புவது ஹஸது என்னும் பொறாமை. அது நற்செயல்களை அழிப்பது. அதுபோன்ற நன்மை தனக்கும் வேண்டும் என்று விரும்புவது குற்றமன்று.

ஹஜ்ரத் அவர்கள் சற்று நேரம் சிந்தித்துவிட்டு விடை கூறினார்கள்:

"முன்னே நிற்கும் 13 பேருக்காகவும் கேளுங்கள். யா அல்லாஹ், இவர்கள் ஒவ்வொருவருக்கும் இதைவிட மேலான இடத்தைக் கொடு என்று கேளுங்கள். அவர்கள் மேலே சென்றால்தானே உங்கள் பிள்ளைக்கு வழி பிறக்கும்? அடுத்தவர் விழுந்தாலன்றி நமக்கு வழியில்லை என்று நினைக்கிறோம். அடுத்தவர் உயர்ந்தாலும் வழி பிறக்கும்."

தான் விரும்புவதையே தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவரின் ஈமான் முழுமை பெறாது என்பது நாம் நன்கறிந்த நபிமொழி. கண்முன் இல்லாத சகோதரனுக்காக ஒருவர் துஆச் செய்யும்போது, உனக்கும் அவ்வாறே ஆகட்டும் என்று வானவர் வேண்டுகிறார் என்பதும் நபிமொழியின் கருத்தாகும். காத்திருப்போர் பட்டியலில் நிற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான நற்செய்தி வேறென்ன இருக்க முடியும்?

நம் முன்னோர் செய்தது

வாசல் குறுகலாக இருந்தபோது நம் முன்னோர் நெருக்கியடித்துக் கொண்டு நிற்கவில்லை. புதிய வாசல்களைத் திறந்தார்கள். 1919-இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951-இல் சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும், 1955-இல் நீதிபதி பஷீர் அஹ்மத் சயீத் அவர்களின் முயற்சியால் சென்னையில் பெண்களுக்கான கல்லூரி, 1971-இல் பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என அவை எழுந்தன. அவ்வாசல்கள் வழியே எல்லாச் சமுதாயத்தாரின் பிள்ளைகளும் நுழைந்து பயன் பெற்று வருகிறார்கள்.

கல்லூரி கட்டும் வலிமை எல்லோருக்கும் இராது. ஆனால், ஜும்ஆவிற்குப் பின் ஒரு மணி நேரம் பள்ளிவாசலில் அமர்ந்து, விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தருவதும், கைப்பேசியில் வந்த செய்தியைப் படித்து விளக்குவதும், முதற்கட்டணத்திற்குக் கடன் கொடுத்து உதவுவதும் ஒவ்வொரு மஹல்லாவிலும் கூடுமான காரியங்களே.

முடிவு என்னவாயிற்று?

வாசகர்கள் கேட்பது நியாயம். அந்தப் பட்டியலில் 11-ஆம் எண் வரை அழைத்தார்கள். பிறகு சேர்க்கை முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். மூன்று எண்களில் வாய்ப்புத் தவறியது.

அப்பெண் அன்றிரவு அழுதாள் என்று வாப்பா சொன்னார். அழுவது பொறுமைக்கு மாறானதன்று. மகனைப் பிரிந்த நபி யஃகூப் (அலை) அவர்கள் கண்பார்வை மங்கும் அளவுக்கு அழுதார்கள். அழுது முடித்த பெண், திங்கட்கிழமை காலை பொருளியல் வகுப்பிற்குச் சென்றாள். மூன்றாண்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று சம்பந்தம் பேசிய வீட்டாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். "அவர்களும் கொஞ்ச நாள் காத்திருப்போர் பட்டியலில் இருக்கட்டுமே, அண்ணே" என்று கூறி அன்பர் சிரித்தார்.

பிறகு குரலைத் தாழ்த்தி அவர் சொன்னதைத்தான் நான் மறக்க இயலாமல் இருக்கிறேன்.

"கணித இடத்தை விட்டுக்கொடுக்கப் போனேனே, அங்கே அலுவலகத்தில் இருந்த அம்மா என் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, நான் வெளியே வருவதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். யாருக்கோ, 'உங்கள் பெண்ணுக்கு இடம் வந்துவிட்டது, சான்றிதழோடு நாளைக்கே வாருங்கள்' என்றார்கள். எந்த ஊர், எந்தப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. மறுமுனையில் ஒருவர் 'நல்லதும்மா, நல்லதும்மா' என்று திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் வாசல் வரை கேட்டது."

நமக்கு முன்னே நிற்பவர்களுக்கு அல்லாஹ் மேலானதை வழங்குவானாக! நமக்குப் பின்னே நிற்பவர்களின் வழியை மறிக்காத நெஞ்சத்தை நமக்கு அருள்வானாக! ஆமீன்.